இசக்கி கட்டிய ஓநாய்க் கட்டு

போன் கம்பெனி மூடிய மறு வருஷம், ஏரியைத் திறந்துவிட்டதில் அடையாறு கரை மீறிய பெருமழை ஓய்ந்து, சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் சேறு காயாமல் இருந்தபோது செய்தி வந்தது. ஒரகடம் கூட்டுரோட்டில் லாரி மோதி இசக்கிமுத்து போய்விட்டான் என்று டீக்கடையில் சொன்னார்கள். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்து லாட்ஜ் கேட்டைப் பூட்டிக்கொண்டேன். பகலில் நான் அந்தக் கேட்டைப் பூட்டியது அன்றுதான்.

போன் கம்பெனியில் அவனோடு ஒரே லைனில் நின்று வேலை பார்த்தவர்கள் இதைப் படிப்பீர்கள். எனக்கு எழுத்து தெரியாது; நான் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள்.

திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. நான் வாட்ச்மேனாக இருந்த லாட்ஜில் மாடி அறை. கூட அவன் ஊர்க்காரன் மாரியப்பன். ஷிப்ட் இல்லாத பொழுதெல்லாம் சண்டைச் சீட்டு ஆடுவார்கள். ரம்மிச் சீட்டு அல்ல. ஒவ்வொன்றிலும் ஒரு மிருகமோ பூதமோ மனுஷனோ படமாக இருக்கும். இன்ன இனம், இவ்வளவு பலம் என்று இங்கிலீஷில் அச்சடித்திருக்கும். பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி அவரவர் கட்டைச் சேர்க்க வேண்டும். படத்தை வைத்தே நானும் பழகிக்கொண்டேன்.

மாரியப்பன் பலமான சீட்டாகப் பொறுக்குவான். இசக்கி ஒரு நாள் எல்லாவற்றையும் பாயில் கொட்டி, டிராகனையும் ராட்சசனையும் ஒதுக்கிவிட்டு ஓநாய்களை மட்டும் வைத்துக்கொண்டான். மாரியப்பன் சிரித்தான்.

"லே, டிராகன் தனியாத்தான் நிக்கும். ஓநாய் ஒண்ணு எறங்குனா பக்கத்துல நிக்கிற ஓநாய்க்கும் தெம்பு ஏறும். அப்படித்தான் கட்டணும்" என்றான் இசக்கி. தலைவன் ஓநாய் இருந்தால் மற்ற ஓநாய்க்கெல்லாம் பலம் கூடும். அந்தத் தலைவன் மாரியப்பனுடைய சீட்டு. திட்டிக்கொண்டே கொடுத்தான்.

கட்டு நிறைய ஒரு சீட்டு குறைந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நான் ஒரு பாக்கெட் வாங்கிப் பிரித்தேன். ஓநாய் முகம், பல், ரோமம். "இந்தாடா, ஓநாய் கீது" என்று நீட்டினேன். இசக்கி கொஞ்ச நேரம் பார்த்தான். "நல்லாருக்கு தாத்தா" என்று கட்டுக்குள் செருகினான்.

கம்பெனி மூடுவது உறுதியானதும், அறை காலியாவதற்குள் இந்தக் கட்டு ஒரு போட்டியாவது ஜெயிக்க வேண்டும் என்பதே அவன் பேச்சு. வேலையை விடுவதாகக் கையெழுத்துப் போட்ட வாரம், சென்னையில் ஒரு சீட்டுக் கடையில் போட்டி. மூவரும் போனோம். கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டான். மேஜையில் தலைவனும் இரண்டு ஓநாயும். இன்னொரு ஓநாய் இறங்கினால் எதிராளி காலி. எடுத்தான்; என் சீட்டு வந்தது. மாரியப்பன் சந்தோஷத்தில் என் தோளைப் பிடித்து அமுக்கினான். இசக்கி மட்டும் மெதுவாக அதை வைத்து, "இதுக்குப் பலம் கூடாது. இது மனுஷன். ஓநாய்த் தோலப் போத்திருக்கான்" என்றான். அடுத்த கையில் தோற்றான்.

திரும்பும் பஸ் பூந்தமல்லி தாண்டியது. சீட்டில் மனுஷன் என்று போட்டிருந்ததை நான் கொடுத்த அன்றே படித்துவிட்டதாக அவனே சொன்னான். எனக்கு ஆத்திரம் வந்தது.

"தெரிஞ்சிகினே இன்னாத்துக்குடா வெச்ச?"

"கட்டுல உங்க சீட்டு ஒண்ணுகூட இல்லன்னா, நீங்க எதுக்கு தாத்தா எங்ககூட உக்காரணும்?"

அறை காலியானது. ஊருக்குப் போன மாரியப்பனின் பையில் தலைவன் ஓநாயை இசக்கியே வைத்து அனுப்பினான். ஆடியில் மாரியப்பன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தான். இசக்கி ஒரகடத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டு மண்ணூரில் தங்கினான். ஞாயிறு வந்தால் கட்டைக் கொண்டுவந்து என் எதிரே பரப்புவான். தலைவன் இல்லாத ஓநாய்கள். "திரும்ப ஆள் சேரும் தாத்தா" என்பான். யாரும் சேரவில்லை. அவனும் போனான்.

சாமான்களை எடுக்க வந்த அவன் அண்ணனிடம் என் சீட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் எத்தனை ஓநாய் நின்றாலும் அதற்குப் பலம் ஏறாதாம். எனக்கு ஏறியிருந்தது, இப்போது இறங்கிவிட்டது. அந்த மாடி அறையில் உட்கார்ந்து ஆடிய மூவரில் உயிரோடு மிச்சம் நான், பென்னலூர் கன்னியப்பன்.