சேவியர் அண்ணனின் அனுமதியை ரத்து செய்யக் கிள்ளானுக்கு

போன சனிக்கிழமை கிள்ளானுக்குப் போய் வந்தேன். கிள்ளான் என்றதும் வாழையிலைச் சாப்பாடும் தீபாவளிப் புடவையும் எதிர்பார்ப்பீர்கள். வழியையும் செலவையும் சொல்கிறேன். ஆனால் நான் போனது செய்த தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்க. அதை மறைத்துவிட்டு ரயில் நேரத்தை மட்டும் எழுத எனக்கு வரவில்லை.

முதலில் என் வேலை. பங்சாரில் ஒரு சின்ன நிறுவனத்தில் மென்பொருள் எழுதுகிறேன். ஒருவர் அனுமதி கொடுத்தால் அவருடைய வங்கிக் கணக்கைப் படித்து, எங்கே என்ன செலவானது என்று சொல்லும் செயலி எங்களுடையது. சோதனைக்கென்று தரப்படும் போலிக் கணக்கில் ஒன்றும் நடக்காது. சம்பளம் வராது, யாரும் தேநீர்கூடக் குடிக்க மாட்டார்கள். அலுத்துப்போய் சொந்தக் கணக்கையே இணைத்துக்கொண்டோம். முதலில் கொடுத்தவர் பக்கத்து மேசை சேவியர் அண்ணன். எங்கள் சோதனை அறிக்கையில் அவர் 'பயனர் ஒன்று'.

செலவைப் பார்த்து செயலி தானாகச் செய்தி அனுப்ப வேண்டும். அதைச் சோதிக்க, அண்ணனை வம்புக்கு இழுத்து ஒரு வரி எழுதிவைத்தேன். அண்ணனின் ஊரான கிள்ளானில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், எண்ணெய் சொட்டும் பரோட்டா போன்ற ரொட்டி சானாய் விற்கும் ஓர் உணவகம். அங்கே அவர் வங்கி அட்டையைத் தட்டினால் மறுநாள் காலை ஏழரைக்கு அவருடைய கைப்பேசிக்கு வரும்: "அண்ணே, நேத்தும் ரொட்டி சானாயா? டாக்டர் சொன்னது மறந்து போச்சா?" படித்துவிட்டு வந்து, "வாயை மூடு லா" என்பார்.

மூன்று மாதத்துக்கு முன் அண்ணன் இறந்துவிட்டார். மாரடைப்பு. வயது நாற்பத்து நான்கு. அதன் பிறகு அந்தச் சோதனைப் பக்கத்தைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. போன வியாழக்கிழமை வேறு வேலையாகத் திறந்தேன். அவர் போன பிறகும் அந்த வரி பதினான்கு முறை போயிருந்தது. பதினான்கும் படிக்கப்பட்டிருந்தன. அவருடைய மனைவி ஸ்டெல்லா அக்காதான் அந்த அட்டையையும் அவருடைய கைப்பேசியையும் பயன்படுத்துகிறார் என்று புரிந்தது.

வரியை உடனே அழித்தேன். கணக்கைப் படிக்கும் அனுமதியை மட்டும் அண்ணனின் கைப்பேசியிலிருந்துதான் ரத்து செய்ய முடியும். அடுத்த மாதம் அது தானாகவே காலாவதியாகிவிடும், விட்டுவிடு என்றார் மேலாளர். விட முடியவில்லை. அக்காவுக்குப் போன் செய்து, சனிக்கிழமை வருகிறேன் என்றேன். "வா," என்றார். அவ்வளவுதான்.

பிரிக்பீல்ட்ஸில் என் அறையிலிருந்து கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் எட்டு நிமிட நடை. 9:10க்குக் கொமுட்டர் என்னும் புறநகர் ரயில். கட்டணம் ஐந்து ரிங்கிட்டுக்குள். நடுவில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது, இடம் சுலபமாகக் கிடைக்கும். பெட்டாலிங் ஜெயா, சுபாங், ஷா ஆலாம் என்று முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஒரு மணி நேரம். இதே பாதையில்தான் அண்ணன் பதினோரு வருடம் வேலைக்கு வந்தார். என்ன பேச வேண்டும் என்று நான்கு முறை மனதுக்குள் எழுதி, நான்கையும் அழித்தேன்.

கிள்ளான் நிலையத்திலிருந்து, அண்ணன் வீடு இருக்கும் பண்டமாரானுக்கு வாடகைக் கார். பன்னிரண்டு நிமிடம், ஒன்பது ரிங்கிட். ஓட்டிய அங்கிள் என் வேலையை விசாரித்தார்.

"அப்ப என் கணக்குல எவ்ளோ இருக்குன்னு உன்னால பார்க்க முடியுமாம்மா?"

"நீங்க அனுமதி கொடுத்தா பார்க்கலாம் அங்கிள்."

"பார்த்தா நீதான் அழுவ லா," என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

வரிசை வீடு. கேட்டைத் திறந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "இன்னிக்கு ஏன் வரல?"

"என்னக்கா?"

"காலையில வர்ற மெசேஜ். நேத்தும் போய் கார்டைத் தட்டுனேனே."

உள்ளே போய் உட்கார்ந்தோம். அக்காவே சொன்னார். "முதல் தடவ பசிக்குதுன்னுதான் அந்தக் கடைக்குப் போனேன். மறுநாள் அது வந்துச்சு. அந்தக் கடையில தட்டுனா வருதுன்னு ரெண்டாவது தடவ கண்டுபிடிச்சேன். ரொட்டிய நான் சாப்பிடுறதில்லம்மா. பஸ் ஸ்டாப்ல யாருக்காச்சும் குடுத்துருவேன். டாக்டர் சொன்னதுன்னு இருக்கே, என்ன சொன்னாருன்னு அடுத்த மெசேஜ்லயாச்சும் வரும்னு பார்த்தேன். இவரு டாக்டர்கிட்ட போனதே எனக்குத் தெரியாது. உங்க ஆபீசுக்குப் போன் போட்டேன். அது சிஸ்டம் அனுப்புறது, ஆள் யாரும் இல்லன்னாங்க. சிஸ்டத்துக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலையே."

"எழுதுனது நான்தாங்க்கா," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். இறப்பதற்கு ஆறு வாரம் முன் அண்ணன் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு டாக்டரைப் பார்த்தார். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம், உடனே மருத்துவமனையில் சேர்ந்து பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். செயலி வெளியாகட்டும், பிறகு போகிறேன் என்றார் அண்ணன். "வீட்டுல சொல்லிராத, ஸ்டெல்லா பயந்துருவா." சரி என்றேன். பாதி வேலை அவர் தலையில் இருந்தது, அவர் லீவு எடுக்கவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். அதையும் அக்காவிடம் சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கே அது எவ்வளவு கேவலம் என்று உறைத்தது.

அக்கா அழவில்லை. "நீ விளையாட்டுக்கு எழுதியிருக்க."

"ஆமாக்கா."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். சட்டையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேன் அவர."

மன்னிப்புக் கேட்டேன். அக்கா எழுந்து உள்ளே போனார். அண்ணனின் கைப்பேசியை எடுத்துவந்தார். எங்கே தொட வேண்டும் என்று காட்டினேன். "இத அழுத்துனா இனிமே நீங்க யாரும் பார்க்க மாட்டீங்கல்ல?" என்று கேட்டுவிட்டு அழுத்தினார். கேட் வரை வந்தவர், "அந்த டாக்டர் பேரு என்ன?" என்றார். சொன்னேன். ரொட்டிக் கடை ரசீது ஒன்றின் பின்னால் எழுதிக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: காலையில் கிளம்பினால் அரை நாள் போதும். நிலையத்திலிருந்து கடைத்தெரு நடக்கும் தூரம், குடை எடுத்துக்கொள்ளுங்கள். போக, வர, கார் எல்லாம் சேர்த்து எனக்கு முப்பது ரிங்கிட்டுக்குள் முடிந்தது. இன்னொன்று, ரயிலில் சும்மா இருக்கும் நேரத்தில், உங்கள் கணக்கைப் பார்க்க எந்தெந்தச் செயலிக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். டாக்டரிடம் போயிருந்தால் அதையும்.

திங்கட்கிழமை அறிக்கையில் சிவப்பில் ஒரு வரி: பயனர் ஒன்று, அனுமதி இல்லை. சோதனை நின்றுவிட்டது, வேறு யாராவது கணக்கைக் கொடுங்கள் என்றார் மேலாளர். யாரும் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு என் கைப்பேசியில் ஒரு செய்தி. ஸ்டெல்லா அக்கா. "வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போறேன். நீயும் வரணும். டாக்டர் அவர்கிட்ட என்ன சொன்னாருன்னு நான் கேக்கும்போது நீ பக்கத்துல இருக்கணும்."

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.