ஆப்பிள் கேக்கில் ஆப்பிள் போட்ட கதை

ஆப்பிள் கேக்கில் ஆப்பிள் போடலாமா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. சிரிக்க வேண்டாம். நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் இது சிரிக்கிற விஷயம் அல்ல.

என் புகுந்த வீடு புன்னக்காயலில். அங்கே பிள்ளைக்கு ஒரு வயது நிறைந்தால், கோயிலில் பூசை கண்டு வந்ததும் ஆப்பிள் கேக் வெட்டுவார்கள். பெற்றவள் தன் கையால் சுட்டு, முதல் துண்டைப் பிள்ளையின் வாயில் வைக்க வேண்டும். பிள்ளை விழுங்கிவிட்டால் அவள் அந்த வீட்டுக்காரி ஆகிவிட்டாள் என்று அர்த்தம். துப்பினால் என்ன அர்த்தம் என்று கேட்டுப் பார்த்தேன். எந்தப் பிள்ளையும் துப்பியதில்லையாம்.

அந்தக் கேக்கில் போடுவது தடியங்காய். வெண்பூசணியைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறோம். என் கணவரின் பூட்டனார் ஏதோ ஒரு கப்பலில் ஆப்பிள் கேக் தின்றுவிட்டு வந்து, "வெள்ளையா, மெத்துனு, லேசாப் புளிச்சுக்கிட்டு இருந்துது" என்று மனைவியிடம் சொன்னாராம். அந்த அம்மாள் கூரைமேல் காய்த்துக் கிடந்த தடியங்காயைப் பார்த்திருக்கிறாள். அதைச் சீவி, எலுமிச்சம்பழச் சாறும் கற்கண்டும் கிராம்பும் சேர்த்து வேகவைத்து, கள் விட்டுப் பொங்கிய மாவின்மேல் அடுக்கிச் சுட்டுவிட்டாள். குடும்பத்தின் ஆப்பிள் கேக் பிறந்தது இப்படித்தான்.

நானோ பாளையங்கோட்டையில் படித்தவள். ஒரு கிறிஸ்துமசுக்கு எங்கள் கன்னியாஸ்திரி அம்மா ஒரே ஒரு ஆப்பிளை வகுப்புக்கே நறுக்கிக் கொடுத்தார். எனக்குக் கிடைத்தது நகத்தளவு. அந்த நகத்தளவு அனுபவத்தை வைத்துக்கொண்டு, என் மகளின் ஆப்பிள் கேக்கில் ஆப்பிளே இருக்கட்டும் என்று தீர்மானித்தேன். பிள்ளைக்கு முதன்முதலில் பொய்யையா ஊட்டுவது? தோணியில் கொழும்புக்குப் போய்வரும் என் கணவர், வைக்கோலில் பொதிந்து சில பழங்கள் கொண்டுவந்தார்.

வீட்டின் பித்தளைத் தட்டத்தை மாமி புளிபோட்டுத் துலக்கித் தந்தார்கள். அதில் மாவை ஊற்றி, மேலே ஆப்பிளைச் சீவி அடுக்கி, மணல் பரப்பிய சட்டிக்குள் இறக்கி, மூடிமேல் சிரட்டைத் தணலைப் போட்டேன். திறந்து பார்த்தால் கேக் அமுங்கிவிடும், பார்க்காவிட்டால் கருகிவிடும். இரண்டுக்கும் பயந்து பாதி திறந்து பார்த்தேன்.

நல்ல நிறமாகத்தான் வந்தது. மகளின் வாயில் ஒரு துண்டு வைத்தேன். அவள் சற்று யோசித்தாள். பிறகு அதை என் உள்ளங்கையிலேயே திருப்பித் தந்துவிட்டாள்.

பெரிய மாமனார் ஒரு துண்டை எடுத்து மென்று பார்த்தார்.

"ஏ மருமவளே, எல்லாம் சரிதாம். ஆப்பிள் போட மறந்துட்டியோ?"

"இது ஆப்பிள்தான் மாமா. கொழும்புல வாங்குனது."

"அப்பம் கொழும்புக்காரன் நல்லா ஏமாத்திட்டான். ஆப்பிள் இப்படியா நறுக்கு நறுக்குனு இருக்கும்?"

"மதினி படிச்சவுவல்லா," என்றாள் நாத்தனார். "புஸ்தகத்துல உள்ள ஆப்பிளைப் போட்டிருக்காவ."

மாமி மட்டும் பைய எழுந்து உள்ளே போனார்கள். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று தாம் தனியே சுட்டு மூடிவைத்திருந்த சின்னக் கேக்கைக் கொண்டுவந்து, "இந்தா, ஒன் கையாலயே குடு" என்றார்கள். மகள் அதை விழுங்கியதோடு நில்லாமல், அடுத்த துண்டுக்கும் வாயைத் திறந்தாள்.

"முழுங்கிட்டால்லா, பெறவு என்ன அழுகை?" என்றார்கள் மாமி என்னிடம்.

சுட்டது அவர்கள் கை. ஊட்டியது என் கை. நான் அந்த வீட்டுக்காரி ஆனேனா, பாதிதான் ஆனேனா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மிஞ்சிய என் கேக்கைத் தனியாக உட்கார்ந்து தின்றேன். எனக்கும் அதில் ஆப்பிள் போதாததுபோலத்தான் பட்டது.

இப்போது என் மகனுக்கு ஒரு வயது நிறையப் போகிறது. "இந்த மட்டம் நான் தனியாச் சுட மாட்டேன். நீயே பாத்துக்கோ" என்று மாமி தட்டத்தை என்னிடம் தந்துவிட்டார்கள். கணவரோ, போன தடவை பழம் மோசம் என்று நினைத்து, அதைவிடச் சிவப்பான பழங்களாகப் பார்த்து வாங்கி வந்திருக்கிறார். கூரைமேல் தடியங்காயும் முற்றிச் சாம்பல் பூத்துக் கிடக்கிறது.

இதைப் படிக்கும் சகோதரிகளே, நான் எதைச் சீவட்டும்? தெரிந்தவர்கள் சீக்கிரம் எழுதுங்கள். பாதிக்குப் பாதி போடு என்று மட்டும் சொல்லாதீர்கள். அதையும் யோசித்து, அதற்கும் பயந்து முடித்துவிட்டேன்.