கடைசி வரிசை நடுச் சீட்டு

அண்ணனுக்கு முழங்கால் சரியாக மடங்காது. பதினைந்து வயதில் ஆரம்பித்து இருபது வருடம் மண்டியிட்டுத் தரையில் டைல்ஸ் ஒட்டியவர். என் காலேஜ் ஃபீஸ் எல்லாம் அந்த முழங்காலில் இருந்து வந்ததுதான். பஸ் ஏறினால் கடைசி வரிசை நடுச் சீட்டைத்தான் பிடிப்பார். எதிரே நடைபாதை, காலை நீட்டிக்கொள்ளலாம். குலுக்கலில் இடுப்பு கழன்றுவிடும் என்பது வேறு விஷயம். "டிக்கெட்டுக்குத்தான் காசு, நீட்டறதுக்கு ஓசி" என்பார்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கும் முதல் ஆள் நான். விழாவுக்கு வர அவருக்குப் படுக்கை பஸ்ஸில் டிக்கெட் போட்டு அனுப்பினேன். பதினாலு மணி நேரப் பயணம். காலையில் பஸ் நிலையத்தில் போய் நின்றால், சாதா பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்.

"நான் போட்ட டிக்கெட் என்னண்ணே ஆச்சு?"

"கேன்சல் பண்ணிட்டேன்டா. படுத்துட்டு வர்றதுக்கு ரெண்டு நாள் கூலியா? நான் என்ன பிரசவத்துக்கா வர்றேன்?"

சிரிப்பு வந்தது. அவர் காலைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. கணுக்கால் வீங்கி, செருப்பு வார் ஏறவில்லை. நடைபாதை முழுக்க மூட்டையாம். நீட்ட இடமில்லை, மடக்கவும் முடியாது. சீட்டுக்குக் காசு கொடுத்துவிட்டுப் பாதி வழி நின்றுகொண்டே வந்திருக்கிறார்.

"கண்டக்டர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். 'கால் நீட்டணும்னா வீட்டுலயே கெடக்க வேண்டியதுதானே பெருசு'ங்கிறான். எனக்கு முப்பத்தஞ்சுதான்டா ஆகுது."

அரங்கில் மெத்தை நாற்காலி, ஏசி. முன்வரிசை ஓரத்தில், கால் நீட்ட வாகாக உட்கார வைத்தேன். தம்பி பேரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று கைதட்டப் போவதாக, கூட வேலை செய்பவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

கூப்பிட்டார்கள். மேடை ஏறியதும் அவரைத்தான் பார்த்தேன். தலை சாய்ந்து, வாய் திறந்து, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். யார் யாரோ கைதட்டினார்கள்.

நான் எழுப்பவில்லை. கூட்டம் கலையும் சத்தத்தில் அவரே விழித்தார். என் கையிலிருந்த பட்டத்தைப் பார்த்தார்.

"கூப்பிட்டாங்களா?"

"ம்."

உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டார்.

ஊர் திரும்பவாவது படுக்கை பஸ் பிடித்துக் கொடுக்கலாம் என்று கவுன்டரில் நின்றேன். கையைப் பிடித்து இழுத்தார்.

"விடுடா. தூங்க வேண்டியதத்தான் அங்கயே தூங்கித் தொலைச்சுட்டேனே."

நொண்டியபடி சாதா பஸ்ஸில் ஏறினார். எனக்கும் கோபம், இன்னொரு தரம் வற்புறுத்தவில்லை. கடைசி வரிசை நடுச் சீட்டில் அவர் உட்கார்ந்து காலை நீட்டினார். பின்னாலேயே ஒருவர் மூட்டையோடு ஏறினார்.