தேசிக்காய் போட்டு உரஞ்சிய கழுத்து

போன மாதம் என் தம்பி மகளின் சாமத்தியச் சடங்கு, அதுதான் பூப்பு நீராட்டு விழா. மட்டக்களப்பில் மண்டபம், வீடியோ, ட்ரோன் கமெரா... ஒன்றிலும் குறைவில்லை. பிள்ளைக்கு வயது பதினொன்றுதான்.

அலங்கார அறைக்குள் நுழைந்தால், மேக்கப் போட வந்த பெண் பிள்ளையின் பின்கழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். கிறீமுக்கு மேல் கிறீம். கறுப்பு மறைவதாக இல்லை. நடனத்துக்குப் போட்ட கவரிங் மாலை செய்த வேலை இது என்றாள் தம்பி மனைவி ரஜனி. தேசிக்காய்ப் புளியும் மஞ்சளும் போட்டு உரஞ்சியும் போகவில்லையாம்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். தோல் தடித்து, வெல்வெட் துணிபோல இருந்தது. ஓரத்தில் உரஞ்சிய காயம் வேறு. என் கை என்னுடைய கழுத்துக்குப் போனது.

ஏன் என்கிறீர்களா? நான் சீனி போடாத தேத்தண்ணிக்காரி. எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, பிடிபட்ட நாளில் டொக்டர் முதலில் பார்த்தது என் கழுத்தைத்தான்.

சடங்கு வீட்டில் இதைச் சொல்லலாமா? ஆலாத்தி எடுத்து முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன் – எனக்கு அது பெரிய தவம். பிறகு தம்பியையும் ரஜனியையும் ஓரமாக இழுத்துச் சொன்னேன். தம்பி சிரித்தான். நம் குடும்ப உடம்பே இப்படித்தானாம். ரஜனி சிரிக்கவில்லை.

"மெதுவாக் கதைங்க மச்சாள். பொம்புளப் புள்ளைக்குச் சீனி எண்டு கதை வந்தா, நாளைக்கு ஆரு கேட்டு வருவான்?"

பதினொரு வயதுக்கு இப்போதே மாப்பிள்ளைக் கவலை! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சண்டை போட்டுத்தான் பிள்ளையை டொக்டரிடம் காட்டச் சம்மதிக்க வைத்தேன்.

டொக்டரம்மா இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். வெறும் வயிற்றோடு போக வேண்டும். விடிந்ததும் போனோம். ஊசியைக் கையில் எடுத்த பெண், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். ஒன்றும் சாப்பிடவில்லை, நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் மட்டும் குடித்தேன் என்றது பிள்ளை.

நான் ரஜனியைப் பார்த்தேன்.

"அது மருந்துதானே மச்சாள். சாப்பாடு இல்லையே."

பாவம், அவள் பொய் சொல்லவில்லை. பெரியபிள்ளையான பெண்ணுக்கு இடுப்பு பலக்க நல்லெண்ணெய், முட்டை, உழுத்தங்களி... நம்மில் யார் இதையெல்லாம் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்திருக்கிறோம்? உழுந்தும் முட்டையும் நல்ல பொருட்கள்தான். ஆனால் ஏற்கெனவே எடை கூடிய பிள்ளையை வீட்டுக்குள்ளேயே உட்கார வைத்து, கிழமைக்கணக்காகக் கொடுத்தால்?

இன்னொரு நாள் மறுபடி போய் இரத்தம் கொடுத்தோம். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. சிரித்த தம்பிகூட, வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று போன் எடுத்தபடியே இருந்தான்.

டொக்டரம்மா பிள்ளைக்குப் பிறஷர் பார்த்தார். நாடாவால் வயிற்றைச் சுற்றி அளந்தார். குடும்பத்தில் யாருக்குச் சீனி என்று கேட்டார். நான் கையை உயர்த்தினேன். இரத்த முடிவைப் பார்த்த பிறகு மெதுவாகச் சொன்னார்: சீனி வருத்தம் இன்னும் வரவில்லை. ஆனால் எல்லையில் நிற்கிறது. கொழுப்பும் கூடியிருக்கிறது. ஈரலையும் ஸ்கான் பண்ணிப் பார்க்க வேண்டும். சாப்பாட்டையும் ஓடியாடுவதையும் இப்போதே சரிபண்ணினால் திருப்பிவிடலாமாம். எனக்குப் போன உயிர் பாதி திரும்பியது. ரஜனி அழுதாள். அப்போதும் அவளுக்குக் கழுத்துத்தான் கவலை – அந்த ஊத்தையைப் போக்க ஏதாவது கிறீம் இருக்கிறதா என்று கேட்டாள்.

"அது ஊத்தை இல்லம்மா. உடம்புக்குள்ள இன்சுலின் கூடினா கழுத்து இப்பிடித்தான் கறுக்கும். இனி உரஞ்சாதீங்க."

அதுவரை குனிந்திருந்த பிள்ளை நிமிர்ந்தது.

"அப்ப நான் ஊத்தப் புள்ள இல்லையா, டொக்டர்?"

பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்களாம். குளிக்காதவள் என்பார்களாம். இதை ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அம்மாவும் அதைத்தானே மாமி சொல்ற."



உங்கள் வீட்டிலும் கழுத்துக் கறுத்த பிள்ளை இருந்தால், முதலில் சவர்க்காரத்தைக் கீழே வையுங்கள்.