மயிலம் வருவதற்குள் ஒரு கனவு

போன செவ்வாய்க்கிழமை, விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் காலைப் பாசஞ்சரில் ஒருவர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். வண்டி பேரணி ஸ்டேஷனில் நின்றதும், “தனபாக்கியம்!” என்று ஒரு கத்தல் போட்டார்.

கம்பார்ட்மெண்டே திரும்பிப் பார்த்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை.

“யாருய்யா அது? பொண்டாட்டியா, வேற யாராச்சுமா?” என்றாள் எதிரே இருந்த கீரைக்காரி.

“கொஞ்சம் சும்மா இரும்மா. அவர் திரும்பிப் போகணும்” என்றேன்.

“எங்க போகணும்? டிக்கெட்டு வாங்கிக்கினாரா?”

டிக்கெட் இல்லாத ஊர்தான். அவர் பெயர் ஏழுமலை. அவர் போவது கனவுக்கு.

திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிறவர் அவர். கோர்ட்டுச் செய்திக்காக நான் அதே வண்டியில் போகிறவன். அப்படிப் பழக்கம். அவர் மனைவி தனபாக்கியம், பெண் சரோஜா கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டாள். போட்டோ கிடையாது. இப்போது சரோஜாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். தாலி ஏறுமுன் அம்மா படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள்.

விழுப்புரத்தில் ஒரு ஓவியர் இருக்கிறார். போட்டோ இல்லாதவர்களைச் சொல்லக் கேட்டே வரைவார். மூக்கு யார் மாதிரி, மோவாய் யார் மாதிரி என்று கேட்பார். மாமியார் ஒரு மூக்கைச் சொன்னார். மைத்துனர் வேறொரு மூக்கைச் சொன்னார். ஏழுமலைக்கோ எதுவுமே நிச்சயமில்லை. கூட்டுக் குடும்பத்தில் பகலில் மனைவி முகத்தை நிமிர்ந்து பார்த்தவர் யார்? ராத்திரியிலோ மண்ணெண்ணெய் விளக்கு…

“வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லலைன்னா, காலண்டர் லட்சுமி மூஞ்சியையே போட்டுக் குடுத்துடுவேன்” என்று ஓவியர் சொல்லிவிட்டார்.

ஆனால் கனவில் தனபாக்கியம் வருகிறாள். கொல்லையில் அடுப்பு மூட்டி மல்லாட்டை வறுக்கிறாள் — முதுகைக் காட்டிக்கொண்டு. அவள் தலைக்கு மேலே மண்டித் தராசு தொங்குகிறது. தட்டில் எதை வைத்தாலும் முள் நடுவிலேயே நிற்கிறது. அப்படி ஒரு தராசு உலகத்தில் உண்டா? அதைப் பார்த்ததும் ஏழுமலைக்கு இது கனவு என்று தெரிந்துவிடும். தெரிந்த சந்தோஷத்தில் விழிப்பு வந்துவிடும்.

அங்கிருந்து திரும்பிப் போவதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

“முழிச்சிக்கினா கண்ணைத் தொறக்கக் கூடாது, சார். பொரளக் கூடாது. மூஞ்சியப் புடிக்கப் போனா நழுவிடும். அடுப்புச் சூடு கையில பட்டுக்கினு இருக்கும் பாருங்க, அதைப் புடிச்சிக்கணும். அது கூட்டிக்கினு போயிடும்.”

நேரமும் முக்கியமாம். ராத்திரி முதல் தூக்கத்தில் இது நடக்காது. விடியலில் எழுந்து, முகம் கழுவி, ஸ்டேஷன் வரை நடந்து வந்து, வண்டியில் விட்ட இடத்திலிருந்து தூங்குகிறோமே — அந்தத் தூக்கத்தில்தான். வண்டி நின்றால் விழிப்பு வரும். கார்டு விசில் ஊதுவதற்குள் உள்ளே போய்விட வேண்டும். தாமதித்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கனவுக்குள் திரும்பிப் போய்விட்டார். “இந்தா” என்று கூப்பிட்டிருக்கிறார். அவர் மனைவியை அழைத்தது எப்போதும் அப்படித்தான். கனவில் இருந்த அத்தனை பெண்களும் திரும்பினார்கள். தனபாக்கியம் மட்டும் திரும்பவில்லை!

அதனால்தான் செவ்வாய்க்கிழமை, வாழ்நாளில் முதல் தடவையாக, பெயர்.

திண்டிவனத்தில் கண்ணைத் திறந்தார். கீரைக்காரி கூடையைத் தூக்காமல் நின்றாள்.

“மயிலம் வர்றதுக்குள்ள போயிட்டேன், சார். அவ திரும்பினா.”

“முகத்தைப் பார்த்தீங்களா?”

“எங்க பார்க்கறது? ‘பேரு சொல்லிக் கூப்புடற அளவுக்கு ஆயிடுச்சா? நாலு பேரு இருக்கற எடத்துல வெக்கமா இல்ல?’ன்னு ஒரு புடி புடிச்சா. நான் தலையக் குனிஞ்சிட்டேன்.”

“குனிஞ்சிட்டியா!” என்று கீரைக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். “கெனாவுலயும் ஆம்பளை ஆம்பளைதான்.”

புதன், வியாழன் இரண்டு நாளும் முயன்றார். கனவே வரவில்லை. வெள்ளிக்கிழமை பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். எனக்குச் சனிக்கிழமை விவரம் கிடைத்தது.

“அழுதாளா?” என்று கேட்டேன்.

“இல்ல சார். ‘அம்மா இன்னா சொன்னாங்க? அப்படியே சொல்லு’ன்னா. சொன்னேன். ‘அப்படியில்ல, அம்மா சொன்ன மாதிரியே சொல்லு’ன்னா. திருப்பித் திருப்பிச் சொல்ல வெச்சா. அவங்க அம்மா பேசின ஒரு வார்த்தையும் அதுவரைக்கும் அவளுக்குத் தெரியாது இல்ல…”

“படம்?”

“லட்சுமி மூஞ்சியே போதும்னுட்டா. வாயை மட்டும் திட்டற மாதிரி போடச் சொல்லியிருக்கா. ஓவியருக்கு ரொம்பப் பேஜாரு.”

அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. என் மனைவியின் முகத்தைக் கொஞ்ச நேரம் நன்றாகப் பார்த்தேன்.

“என்ன, மூஞ்சியில கரியா?” என்றாள்.