மார்பளவுத் தண்ணீரில் சொன்னது

கஞ்சி போட்ட பாவு நூல் மழையில் நனைந்தால் ஒரு வாடை வரும். புளித்த சோற்று நீரும் மெஷின் எண்ணெயும் கலந்த மாதிரி. போன வாரம் பல்லடம் பஸ் நிலையத்துக்கு வெளியே, தார்ப்பாய் கிழிந்த டெம்போ ஒன்று பாவு உருளைகளை ஏற்றிக்கொண்டு நனைந்து நனைந்து போனது. வாடை மூக்கில் ஏறிய நொடியில் எனக்கு வயது ஐம்பத்தைந்து என்பது மறந்துவிட்டது. இருபத்தாறு வயதில், ஒரு வாய்க்காலுக்குள், மார்பளவுத் தண்ணீரில், பல் கிட்டிக்கொள்ள நின்றேனே, அங்கே போய் விழுந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பல்லடம் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நான்கு தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். மொத்தம் இருபத்து நான்கு தறி. அந்த இரைச்சலில் கத்தினால்தான் காது கேட்கும். கத்திக் கத்தி, வீட்டில் சோறு கேட்பதுகூட ஊருக்கே கேட்கும். எனக்கு அடுத்த வரிசையில் ஓர் அண்ணன் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் தறி நிற்காது. நின்றாலும் ஒரு பீடி பற்றவைக்கும் நேரத்துக்குள் ஓடிவிடும். முதலாளி புதுத் தறிகள் வாங்கப் போகிறார், அவை அந்த அண்ணனுக்குத்தான் என்று பேச்சு வந்தது. எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருடம் தேடியும் அதற்கு வேறு அழகான வார்த்தை கிடைக்கவில்லை.

தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்தான் பாவு. அதற்கு நடுவே குறுக்கு நூலைச் சுமந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்கிற கட்டை நாடா. நாடாவைத் தட்டிவிட ஒரு தோல் பட்டை இருக்கும், பட்டையைப் பிடிக்க ஒரு நட்டு. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது, அண்ணனின் தறியில் அந்த நட்டை இரண்டு சுற்று தளர்த்தி வைத்தேன். அவ்வளவுதான். சாப்பிட்டு வந்து தறியைப் போட்டதும் நாடா பாதி வழியில் சிக்கியது. ஒரு முழ அகலத்துக்குப் பாவு அறுந்து தொங்கியது.

அடுத்து நான் செய்ததைச் சொல்லத்தான் இன்னும் கூசுகிறது. உதவிக்கு முதல் ஆளாய் ஓடினேன். ஓடியதும் யாரும் பார்க்காமல் நட்டை முறுக்கி வைத்தேன். பிறகு நூல் வழுக்காமலிருக்க விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு அண்ணனோடு உட்கார்ந்து, அறுந்த இழையை ஒவ்வொன்றாகச் சாயங்காலம்வரை பிணைத்தேன். "நீங்க இல்லீன்னா இன்னிக்கு நான் என்ன பண்ணுவேன் தம்பி" என்றார்.

பத்து நாளில் மூன்று தடவை அப்படிச் செய்தேன். மூன்றாவது தடவை முதலாளி முறைத்துக்கொண்டு நின்றபோது அவர் காதோரம் போய், "அண்ணன் இப்பெல்லாம் காலைலயே தண்ணி போட்டுட்டு வர்றாராட்ட இருக்குதுங்க" என்றேன். அந்த மனிதர் கள் குடித்தும் அறியாதவர். அன்று சாயங்காலமே அவரை அனுப்பிவிட்டார்கள். ஒரு கூடத்தில் கெட்ட பெயர் எடுத்தால் மறுநாளே அது எல்லாக் கூடத்துக்கும் போய்ச் சேரும். எங்கும் அவருக்குத் தறி கிடைக்கவில்லை. குடும்பத்தோடு மதுக்கரைப் பக்கம் போய்விட்டார், சுண்ணாம்புக்கல் ஏற்றுகிறார் என்று கேள்விப்பட்டோம். புதுத் தறிகள் எனக்கு வந்தன.

வந்து என்ன? நாடா ஒரு தரம் சிக்கினாலும் தறியை நிறுத்திவிடுவேன். யாரோ எனக்கும் செய்கிறார்கள் என்று ஒவ்வொரு நட்டாகத் தடவிப் பார்ப்பேன். கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தால் என்னைத்தான் என்று தோன்றும். மூன்று வருடம் இப்படிப் போனது. அந்த நாளில்தான் என் மனைவி ஊருக்கு வெளியே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஜெபக் கூடத்துக்குப் போக ஆரம்பித்தாள். அவளைக் கூப்பிட்டுவரப் போனவன், வாசலில் நின்று, பிறகு உள்ளே உட்கார்ந்து, பிறகு அவளுக்கு முன்னால் கிளம்ப ஆரம்பித்தேன்.

பாஸ்டர் முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர். கூட்டம் நிறைந்தால் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, "உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்குது" என்பார். ஒரு நாள் கிருபையைப் பற்றிப் பேசினார். நமக்கு அருகதை இல்லாத ஒன்றைத் தூக்கி நம் மடியில் வைப்பதுதான் அது என்றார். நான் தூணில் சாய்ந்து அழுதேன். எனக்கு அது வேண்டும். ஆனால் எதற்காக வேண்டும் என்று யாருக்கும் தெரியக் கூடாது.

ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தேன். எங்கள் சபையில் தண்ணீரில் முழுதாக முக்கி எடுப்பார்கள். எங்கள் பக்கம் அதற்கு ஏது தண்ணீர்? பரம்பிக்குளம் வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். அந்த முறை வருகிறவரை காத்திருந்தோம். தண்ணீர் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, வாய்க்கால் கரையில் துணி கட்டி மறைத்து, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையோடு ஏழு பேர் தயாரானோம். மதுக்கரைப் பக்கத்துச் சபை ஒன்றிலிருந்தும் ஒரு வேன் வருகிறது என்றார்கள். அந்தக் கல்லுக்காட்டில் இறங்க வாய்க்கால் இல்லை அல்லவா.

தண்ணீரில் இறங்குமுன் ஒவ்வொருவரும் கரையில் நின்று, விட்டுவந்த பாவங்களைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பீடி, சினிமா, சீட்டாட்டம், மூன்றையும் சொன்னால் போதும், கூட்டம் ஸ்தோத்திரம் சொல்லும். எனக்கு முன்னால் நின்ற லாரி டிரைவர், தான் படம் பார்த்த தியேட்டர்களை ஊர்வாரியாக அடுக்கினார். "போதுமுங்கண்ணா, தண்ணி நின்னுபோயிரும்" என்றார் பாஸ்டர். என் முறை வந்தது. நானும் அதே மூன்றையும் சொன்னேன். ஸ்தோத்திரம் கேட்டது. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் எங்கள் தறிக் கூடத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் கால் தொங்கப்போட்டுப் பொரி தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தார்கள். ஞாயிறு தறிக்கு லீவு. "மாப்ளே, சோப்பு எடுத்தாந்தியா?" என்று ஒருவன் கத்தினான்.

தண்ணீரில் இறங்கினேன். பாசி வழுக்கியது. இழுப்பு பலமாக இருந்ததால் இந்தப் பக்கம் பாஸ்டர், அந்தப் பக்கம் மதுக்கரை ஆள் ஒருவர் என்று இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. முதுகு காட்டி நின்ற அந்த ஆள், நான் கிட்டே போனதும் திரும்பினார். தலை முழுக்க நரைத்துவிட்டது. கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் கண் அதே கண்.

"அட, நம்ம தம்பி!" என்றார் அந்த அண்ணன். முகமெல்லாம் சந்தோஷம். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதீங்க. தண்ணி இழுக்கும். நான் புடிச்சிருக்கறனில்ல."

பாஸ்டர் என் தலையில் கை வைத்துவிட்டார். பிதா, குமாரன் என்று தொடங்கியும் விட்டார். என்னால் முடியவில்லை. அந்தக் கை என்னைப் பிடித்திருக்க, அந்தப் பொய்ச் சாட்சியோடு என்னால் முழுக முடியவில்லை.

"நிறுத்துங்க" என்றேன். "அண்ணா, நட்டைத் தளர்த்துனது நானுங்க. மூணு வாட்டியும் நாந்தானுங்க. நீங்க தண்ணி போட்டீங்கன்னு மொதலாளிகிட்டச் சொன்னதும் நாந்தானுங்க."

மெதுவாகத்தான் சொன்னதாக நினைத்தேன். தறிக் கூடத்தில் பழகிய தொண்டை. பாலத்தில் பொரி தின்கிற சத்தம் நின்றது. கரையில் என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் என் கையை விட்டார். கரைக்கு நடந்தார். சரிவில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி விரித்தார். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தண்ணீர் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

"அப்ப என்ற கை தப்புப் பண்ணுலியா?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்றே தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். "மூணு வருசமா இந்தக் கையைத்தான் திட்டீட்டிருந்தேன் தம்பி. ஒவ்வொரு கல்லுத் தூக்கறப்பவும், நாடா பாக்கத் தெரியாத கைக்கு இதுதான் சரின்னு நெனப்பேன். என்ற கை தப்புப் பண்ணுலியா?"

"பண்ணுலீங்கண்ணா. ஒருக்காலும் பண்ணுலீங்க."

அவர் அழுதார். அழுகையின் நடுவிலேயே சிரித்தார். இழந்த பொருளைக் கண்டெடுத்தவன் சிரிக்கிற சிரிப்பு. அவரிடமிருந்து வேலையைப் பறித்தேன், பெயரைப் பறித்தேன் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அவருக்கு அவர் கைமேல் இருந்த நம்பிக்கையையும் எடுத்துக்கொண்டேன் என்பது அந்தத் தண்ணீரில்தான் எனக்குத் தெரிந்தது.

எழுந்து மறுபடி இறங்கி வந்தார். பாஸ்டர், "ஆரம்பிக்கலாமுங்களா?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கய்யா. கோவம் இன்னும் போகுலீங்க. கோவத்தோட புடிச்சா ஆகாது."

"நேரம் எடுத்துக்குங்க. இந்த வண்டி நிக்கும்" என்றார் பழைய கண்டக்டர்.

அண்ணன் கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை; கரையில் ஒரு குழந்தை அழுது, அதற்குப் பால் கொடுத்து, அது தூங்கியும் போனது. பிறகு என் மணிக்கட்டில் அந்தக் கை வந்து விழுந்தது. கல் தூக்கிக் காய்த்த கை. "வாங்க" என்றார்.

முழுகினேன். தண்ணீர் காதை அடைத்தது. பல வருடம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த தறிச் சத்தம் அற்றுப்போய், அப்படியோர் அமைதி. அந்த அமைதிக்குள் ஒரு பயமும் வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். இந்தக் கை என்னை இன்னும் ஒரு நிமிடம் உள்ளேயே அழுத்தி வைக்கலாம். அதற்கு நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கைதான் பாஸ்டரின் கைக்கு முந்தி என்னைத் தூக்கியது. வெயில் என் முகத்தில் அறைந்தது. கரையெல்லாம் அல்லேலூயா. சோப்புக் கேட்டவன் பாலத்திலிருந்து இறங்கி ஓடிவந்து, சட்டை நனைய, அண்ணனைக் கட்டிக்கொண்டான். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். மதுக்கரை வேன் அவரை விட்டுவிட்டுத்தான் போனது. அன்று அவர் எங்கள் ஜெபக் கூடத்திலேயே தங்கினார்.

திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் முதலாளியிடம் போனோம். செய்தி எங்களுக்கு முன்னாலேயே போயிருந்தது. ஆனாலும் என் வாயால் ஒரு தடவை சொன்னேன். "இனி இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே" என்றார் என்னிடம். சரிதான். அண்ணனிடம், "அந்தத் தறிக உங்களுதுங்க. இன்னிக்கே நில்லுங்க" என்றார்.

"இல்லீங்க. புள்ளைக அங்கத்தான் படிக்குது. பொழப்பும் அங்க அமைஞ்சுபோச்சு" என்றார் அண்ணன். "ஒரே ஒரு வாட்டி ஓட்டிப் பாத்துக்கறேனுங்க."

தறிமுன் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். கைப்பிடியை இழுத்தார். நாடா பாய்ந்தது. பக்கத்துத் தறிக்காரர் தன் தறிகளை நிறுத்திவிட்டு வந்து நின்றார். அப்புறம் இன்னொருவர். ஒவ்வொன்றாக மற்ற எல்லாத் தறியும் நின்றன. அந்தக் கூடத்தில் நான் கேட்டிராத நிசப்தத்தில் ஒரே ஒரு தறி ஓடியது. அரை மணி நேரம். ஓர் இழை அறவில்லை. நாடா ஒரு தரமும் தயங்கவில்லை. துணி இறங்கிக்கொண்டே இருந்தது. அவர் நிறுத்திவிட்டுத் திரும்பியபோது அத்தனை பேரும் கை தட்டினார்கள். முதலாளியும் தட்டினார். வேலை போன நான்தான் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினேன்.

பிறகு பீளமேட்டில் ஒரு மில்லில் சேர்ந்தேன், பிழைத்தேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். நானும் பிரசங்கங்கள் நிறையக் கேட்டுவிட்டேன். கிருபை என்ற சொல் எங்கே காதில் விழுந்தாலும் இன்றைக்கும் என் வலது மணிக்கட்டில் ஒரு காய்த்த கையின் பிடி தெரிகிறது; பாவத்தை விட்டு வந்தவன் என்று என்னை நானே சொல்லிக்கொள்ள அந்தப் பிடி ஒன்றுதான் எனக்குத் தைரியம்.

அந்தத் திங்கட்கிழமை அவரைப் பல்லடம் பஸ் நிலையத்தில் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர ஆரம்பித்ததும் அண்ணன் தலையை வெளியே நீட்டினார்.

"நான் குடிச்சேன்னு கேட்ட அன்னிக்கு ஊட்டுல என்ற சம்சாரம் என்ற வாயை மோந்து பாத்தா தம்பி. வர்ற ஞாயித்துக்கெழமை சாப்பிட வாங்க. சோத்துல கை வெக்கறதுக்கு முந்தி அவகிட்ட நீங்களே சொல்லிப்போடோணும். வாரீங்கல்ல?"

"வாரேனுங்கண்ணா" என்றேன், தறிக் கூடத்துத் தொண்டையில்.