தவிர்க்க வேண்டிய தெரு

தம்பி பெங்களூரிலிருந்து அந்தப் போனை வாங்கிவந்து என் கையில் கொடுத்து, "இதுல வழி காட்டுற சாஃப்ட்வேர் போட்டுக்கலாம்க்கா. எது நல்லதுன்னு நீயே பாத்து வெச்சிரு" என்றான். சித்தூரில் ஒரு கம்பெனியில் நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டேட்டா அடிக்கிறவள் நான். அதனால் எங்கள் வீட்டில் எந்த மெஷின் வந்தாலும் என் தலையில்தான் விழும். மிக்ஸி ஓடவில்லை என்றால்கூட அம்மா எனக்குத்தான் போன் செய்வாள்.

இந்தத் தடவை என் தலையில் விழுந்தது நைனாவின் உயிர்.

கொஞ்ச நாள் முன்புதான் நைனாவுக்கு, எங்கள் அப்பாவுக்கு, முதல் நெஞ்சுவலி வந்திருந்தது. பிச்சாட்டூரைத் தாண்டி உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். கூப்பிட்ட ஆம்புலன்ஸ் எங்கள் காலனி எங்கே என்று தெரியாமல் ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இவ்வளவு லேட் பண்ணினா என் கையில ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து போன் மணி அடித்தாலே ஊர் நம்பரா என்றுதான் முதலில் பார்ப்பேன். தம்பி உடனே ஒரு பழைய காரை வாங்கினான், யார் ஓட்டினாலும் வழி தவறக்கூடாது என்று கூடவே இந்தப் போனையும். அவன் தைரியசாலி. பெங்களூரில் இருந்தால் யாரும் தைரியசாலிதான்.

அந்தக் காலத்துப் போன் வீட்டுக்குள் இருந்தால் சாட்டிலைட்டைப் பிடிக்காது. மொட்டைமாடியில் போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்பேன். கீழ்வீட்டு அம்மா, "டவர் கெடைக்கலயா பாப்பா?" என்று தினமும் பரிதாபப்படுவார்.

முதலில் போட்டுப் பார்த்தது இலவசம். அது நெட்டிலிருந்துதான் மேப்பை இழுக்கும். புத்தூர் தாண்டி சிக்னல் போனதும் திரை முழுக்கச் சாம்பல் நிறமாகிவிட்டது. அழித்துவிட்டேன். இரண்டாவது, காசு கொடுத்து வாங்குவது. மேப் முழுவதும் மெமரி கார்டிலேயே இருந்தது. திருப்பதியில் ஆஸ்பத்திரிக்கு எந்தக் கேட் வழியாக நுழையவேண்டும் என்பது வரை அதற்குத் தெரிந்தது. ஆனால் எங்கள் ஊரில் கோயில், ஊர்த்தெரு, தரைப்பாலம் இவற்றோடு அதன் அறிவு முடிந்துவிட்டது. காலனி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பச்சை. மூன்றாவது, செல்போன் கடையில் ஏற்றிக் கொடுத்தது. அதில் மெல்லிய கோடு ஒன்று கிளம்பி, வாய்க்காலைத் தாண்டி, எங்கள் காலனித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் வீடு இருக்கும் இடத்தை அதுவரை எந்த மேப்பிலும் நான் பார்த்ததில்லை.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டேன். அது ஊர்த்தெரு வழியாகக் கோடு போட்டுக் காட்டியது. கண்ணீர் அப்படியே நின்றுவிட்டது.

காலனியிலிருந்து தார்ரோட்டுக்கு இரண்டு வழி. ஒன்று ஆற்றுக்கால்வாய்த் தரைப்பாலத்தின் மேலே சுற்றிக்கொண்டு போவது. இன்னொன்று ஊர்த்தெரு, நேர்வழி. எங்கள் ஆட்கள் ஊர்த்தெருவில் நடக்கலாம். சைக்கிளில் வந்தால் தெரு முனையில் இறங்கி, கடைசிவரை தள்ளிக்கொண்டு போகவேண்டும். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது காலனிப் பையன் ஒருவன் புது பைக்கில் இறங்காமல் போய்விட்டான். அந்தப் போகம் முழுக்க எங்கள் யாரையும் ஊரார் வயலில் இறங்க விடவில்லை. மூன்று வேளையும் கேழ்வரகுக் கூழைக் குடித்து நாங்கள் அந்தப் போகத்தைத் தள்ளினோம். இப்போது அதெல்லாம் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்களும் இறங்கித்தான் தள்ளுவார்கள். நைனாவுக்கு இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம் உண்டு, வேர்க்கடலை போடுகிறார். ஆனால் மடைத்தண்ணீர் ஊர்ப்பெரியவர் ஒருவர் திறந்துவிட்டால்தான் எங்கள் பக்கம் வரும். இளவயதில் நைனா அவரிடம்தான் பண்ணையாளாக இருந்தார்.

காரை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக முடியுமா?

தரைப்பாலத்து வழியில் போனாலும் அந்த மூன்றாவது சாஃப்ட்வேர் விடுவதாக இல்லை. "திரும்பு, திரும்பு" என்று இங்கிலீஷில் உயிரை எடுத்தது. இரண்டாவதில் ஒரு வசதி இருந்தது. ஒரு தெருவைத் தொட்டு 'தவிர்' என்று குறித்துவிட்டால் செத்தாலும் அந்தப் பக்கம் கூட்டிப்போகாது. எங்கள் வீட்டைத் தெரிந்தது சொன்ன பேச்சைக் கேட்காது, சொன்ன பேச்சைக் கேட்கும் சாஃப்ட்வேருக்கு எங்கள் வீட்டைத் தெரியாது. ஊருக்குப் போய் இரண்டையும் நைனாவுக்குக் காட்டினேன். தம்பி ஸ்பீக்கரில் இருந்தான்.

"ரோடு கவர்மென்ட்டுது நைனா. யார் கேப்பாங்க?"

"கவர்மென்ட்டு உங்க பெங்களூர்ல கீது. இங்க மடை கீது" என்றார் நைனா. பிறகு என்னைப் பார்த்து, "நம்ம வூடு அதுக்குத் தெரியலன்னா போவட்டும், நமக்குத் தெரியும் இல்ல. அந்தத் தெருவு மட்டும் வேணாம்மா."

நான் இரண்டாவதையே வைத்தேன். நைனா சொன்னதற்காக என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் எனக்கே அந்தத் தெருவில் போகப் பயம். அதற்குத் தெரிந்த ரோட்டில் காலனிக்குக் கிட்டே இருந்த முனையை வீடு என்று வைத்தேன். தெருவுக்குக் குறியைப் போட்டதும் அது சிவப்பாக மாறியது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மழைக்காலத்தில் நைனாவைச் செக்கப்புக்குக் கூட்டிப்போகத் தம்பி காரோடு வந்திருந்தான். நானும் போயிருந்தேன். கிளம்பவேண்டிய நாளுக்கு முந்தைய நாள் காலை, கூழ் குடித்துக்கொண்டிருந்த நைனா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. அவரையும் அம்மாவையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு தரைப்பாலத்துக்கு ஓட்டினான் தம்பி.

பாலத்தைக் காணோம். மேலே எங்கேயோ தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது, ஓரத்துக் கற்கள்கூடத் தெரியவில்லை. என் கையிலிருந்த போன் அமைதியாக, "நேராகச் செல்லவும்" என்றது. தம்பி கியரைப் போட்டான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். வண்டி ரிவர்ஸ் எடுத்தது. போக இருந்தது ஒரே வழி.

"மொதல்ல அந்தக் குறிய எடுக்கா, இல்லன்னா கத்திக்கினே வரும்" என்றான் தம்பி. சிவப்புக் கோட்டைத் தொடுகிறேன், விரல் வழுக்குகிறது, மறுபடி தொடுகிறேன். போன் "திரும்பு" என்கிறது. குறி போய்த் தெரு வெள்ளையானபோது கார் தெருவுக்குள் நுழைந்துவிட்டிருந்தது.

பின்னால் அம்மா, "ஐயோ!" என்று அலறினாள். திரும்பிப் பார்த்தேன். சீட்டில் நைனா இல்லை. போய்விட்டார் என்றே நினைத்தேன். எட்டிப் பார்த்தால், சீட்டுகளுக்கு நடுவில், எல்லோரும் கால் வைக்கும் இடத்தில் மடங்கி உட்கார்ந்திருக்கிறார். தோளில் கிடந்த துண்டு கக்கத்தில் இருந்தது. நெஞ்சு வெடிக்கிற வலியில் அந்த மனிதர் குனிந்து ஒளிந்துகொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு யாரை அடிப்பதென்று தெரியவில்லை.

தம்பி பிரேக் போட்டான். எதிரே மடை திறந்துவிடும் அதே பெரியவர், மாட்டைத் தெருவின் குறுக்கே பிடித்துக்கொண்டு குடையோடு நின்றிருந்தார். காரை உற்றுப் பார்த்தார். வெளியே மழை, உள்ளே எங்கள் மூச்சு, கண்ணாடி முழுக்கப் புகைபோல் மூடியிருந்தது. நான் கும்பிட்ட கடவுளையெல்லாம் கூப்பிட்டேன். அவர் மாட்டை இழுத்துக்கொண்டு சேற்றில் இறங்கி நின்றார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து இறக்கிவிட்டு, "ரண்டி சார், ரண்டி" என்று தெலுங்கில் மரியாதையாக வரச்சொல்லிக் கையைக் காட்டினார். யாரோ ஆபீசர் என்று நினைத்திருப்பார். கார் அவரைத் தாண்டியது.

திருப்பதிக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். போன் சரியான கேட்டுக்குக் கூட்டிப்போனது. நைனா பிழைத்துக்கொண்டார்.

வார்டில் அவருக்குப் பேச்சு வந்ததும் முதலில் கேட்டது, "யாருனா பாத்தாங்களா?"

"யாரும் பாக்கல நைனா. அவருதான் நின்னுக்கினு இருந்தாரு, அவருக்கும் யாருன்னு தெரியல." வேட்டியை இறக்கிவிட்டு வழிவிட்ட கதையையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் ஃபேனையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"பாத்திருந்தா தேவலாம்" என்றார்.

"இன்னா நைனா சொல்ற?"

"பாத்திருந்தா இன்னா பண்ணுவாங்கன்னு தெரிஞ்சி பூட்டிருக்கும். இப்ப அந்த பயம் அப்பிடியே பாக்கி கீது."

டிஸ்சார்ஜ் ஆகித் திரும்பும்போது மழை விட்டுவிட்டது. நைனா முன்சீட்டில் உட்கார்ந்தார், நானும் அம்மாவும் பின்னால். தரைப்பாலத்தில் தண்ணீர் வடிந்துவிட்டது என்று புத்தூரிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தோம். ஆனால் எடுத்த குறியை நான் திரும்பப் போட்டிருக்கவில்லை. கோயில் பக்கம் வந்ததும் போன், "இடதுபுறம் திரும்பவும்" என்றது. அந்தப் பக்கம் ஊர்த்தெரு. தம்பி வண்டியை நிறுத்திவிட்டு நைனாவைப் பார்த்தான்.

"அது சொல்ற மாதிரியே போ" என்றார் நைனா.

கார் தெருவுக்குள் திரும்பியது. பழைய கார், கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்கவேண்டும். நைனாவின் முழங்கை மெதுவாகச் சுற்றுவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். அம்மா என் மணிக்கட்டை நெரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி முழுசாக இறங்கியது. நைனா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

பெரியவர் தன் வீட்டு வாசலில்தான் நின்றிருந்தார். இந்தத் தடவை அவர் நன்றாகவே பார்த்தார்.